அடுக்களையும் ஓர் அறிவுச்சாலையே



ஆறாம் ஆண்டை முடித்து இப்பள்ளியின் வாயிலைக் கடந்து செல்லும் நம் பிள்ளைகள், இடைநிலைப்பள்ளியில் பற்பல பாடங்களைப் புதியனவாகச் சந்திக்கின்றனர். கணிதமும் அறிவியலும் வாழ்வுக்கு உதவும் பாடங்கள் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. மொழியும் வரலாறும் வேண்டுவனவே என்பதையும் நம் பெற்றோர் ஒப்புக்கொள்வர். ஆனால் உணவு சமைத்தலையும் ஊட்டச்சத்தையும் கற்பிக்கும் பாடம் ஒன்று உண்டு என்றவுடன் பலருடைய முகம் சுருங்கிவிடுகிறது. “சோறு ஆக்கக் கற்றுக்கொள்ளவா பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினோம்?” என்னும் கேள்வி எழுந்துவிடுகிறது. அக்கேள்விக்கு நம்மால் இயன்ற விடையைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில், நாம் பேசுவது எந்தப் பாடத்தைப் பற்றி என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். இடைநிலைப்பள்ளியின் கீழ்ப்படிவங்களில் ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ என்னும் பாடத்தில் உணவும் ஒரு பகுதியாக இடம்பெற்றுள்ளது. நான்காம், ஐந்தாம் படிவங்களில் மனையியல் விருப்பப் பாடமாக உள்ளது. மலாய்மொழியில் அதனைச் ‘சாயின்ஸ் ரூமா தாங்கா’ என்பர். எஸ்.பி.எம். தேர்வில் அதற்குத் தனித்தாள் உண்டு. சில பள்ளிகளில் உணவு தயாரித்துப் பரிமாறும் கலை தொழிற்பாடமாகவும் கற்பிக்கப்படுகிறது. இவை எல்லாப் பள்ளிகளிலும் இருப்பதில்லை. இருக்கின்ற பள்ளிகளிலும், தேர்வில் குறைந்த புள்ளி பெற்றோருக்கும் பெண் பிள்ளைகளுக்கும் உரியவை என்று ஒதுக்கிவைக்கப்படுவதே பெரும்பாலும் நாம் காணும் நிலை.

சில மாதங்களுக்கு முன் நம் முன்னாள் மாணவி ஒருத்தியின் தந்தையார் நம்மைக் காண வந்தார். மகள் மூன்றாம் படிவத்தை முடிக்கப் போகிறாள். அடுத்த ஆண்டு மனையியல் எடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். நாம் அழைத்துப் புத்தி சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஏன் வேண்டாம் என்கிறீர் என்று வினவினோம். “ஐயா, என் தாயார் துரை பங்களாக் குசினியில் இருபது வருஷம் வெந்தார். என் மகளும் கரண்டி பிடிக்கவா நான் விடியாமுன் எழுந்து மரம் சீவுகிறேன்?” என்றார்.

அவருடைய சொல்லைத் தட்டிக்கழிக்க நமக்கு மனம் வரவில்லை. அதில் ஒரு தலைமுறையின் வலி இருக்கிறது. தோட்டத்து மக்களுக்கு அடுக்களை என்பது அடிமை வேலையின் அடையாளமாக இருந்த காலம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஒன்றைச் சிந்தித்துப் பார்க்க வேண்டும். துரை வீட்டுக் குசினியில் நின்ற அவ்வம்மையாரிடம் கைத்திறன் குறைவின்றி இருந்தது. எதைச் சமைப்பது, எவ்வளவு சமைப்பது என்று முடிவு செய்யும் உரிமைதான் அவரிடம் இல்லை. அவர் திறமைக்குச் சான்றிதழ் இல்லை. அதைக் காட்டி வேறு வேலை தேடவும் வழியில்லை. ஏவியதைச் செய்வதே அவர் கடமையாக இருந்தது. அவருடைய பேர்த்தி படிக்க விரும்பும் பாடமோ ‘ஏன்?’ என்று கேட்பதையே முதற்பாடமாகக் கொண்டது. இவ்வேறுபாட்டையே நாம் அத்தந்தையாருக்கு எடுத்துரைத்தோம். முடிவை அவரிடமும் அவர் மகளிடமுமே விட்டுவிட்டோம்.

காரணம் அறிந்து உண்பதன் பயன் யாது என்பதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே சிறந்த சான்று ஒன்று இருக்கிறது. 1900ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி என்னும் கொடிய நோய் பரவியிருந்தது. கால்கள் மரத்துப் போகும், உடல் வீங்கும், இதயம் தளர்ந்து உயிர் பிரியும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர் இந்நோய்க்குப் பெருவாரியாகப் பலியாயினர். அதே நாட்டில், அதே வெயிலிலும் மழையிலும் உழைத்த தமிழ்த் தொழிலாளரிடையே இந்நோய் அரிதாகவே காணப்பட்டது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்னும் மருத்துவர் இவ்வேறுபாட்டைக் கண்டு, உண்ணும் அரிசியின்மீது ஐயம் கொண்டார். சீனத் தொழிலாளர் உண்டது வெள்ளை வெளேரெனத் தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி.

1905ஆம் ஆண்டில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெட்சர் என்னும் மருத்துவர் இதனைச் சோதித்துப் பார்த்தார். நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குத் தீட்டிய அரிசியும் மறு பிரிவினருக்குப் புழுங்கலரிசியும் கொடுக்கச் செய்தார். தீட்டிய அரிசி உண்டவருள் பலரைப் பெரிபெரி பற்றியது; சிலர் மாண்டனர். புழுங்கலரிசி உண்டவரோ பெரும்பாலும் தப்பினர். பின்னர் 1907 முதல், மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் எனும் இருவரும் நெகிரி செம்பிலானில் சாவகத் தொழிலாளரிடையே ஆராய்ந்து இவ்வுண்மையை உறுதிப்படுத்தினர். நெல்லை உமியோடு ஊறவைத்து, ஆவியில் வேகவைத்து, உலர்த்திக் குத்தும்போது தவிட்டிலுள்ள பி1 எனும் உயிர்ச்சத்து அரிசியின் உள்ளே இறங்கித் தங்கிவிடுகிறது. பச்சை நெல்லைத் தீட்டினால் அச்சத்து தவிட்டோடு போய்விடுகிறது. இக்காரணம் பிற்காலத்தில் விளங்கியது.

இவ்வரலாற்றை நாம் கூறுவது பெருமை பேசுவதற்காக மட்டும் அன்று. நம் முன்னோரைக் காத்தது புழுங்கலரிசி. ஆனால் அது ஏன் காத்தது என்பதை அவர்கள் அறியார். அதனால், வெண்மையான அரிசி நாகரிகமென்று நம் வீடுகளுக்குள் நுழைந்தபோது ‘ஏன் மாற்ற வேண்டும்?’ என்று தடுத்துக் கேட்க ஒருவரும் இல்லை. காரணம் அறியாத நல்ல பழக்கம் இரவல் குடையைப் போன்றது. எவர் கேட்டாலும் கொடுத்துவிட்டு நாம் நனைவோம். நல்லதைக் காரணம் தெரியாமல் கைவிடுவதும், தீயதைக் காரணம் தெரியாமல் பற்றிக்கொள்வதும் இன்று நம் குடும்பங்களில் நடந்துகொண்டிருக்கின்றன.

இன்றைய நிலையைப் பாருங்கள். 2019ஆம் ஆண்டில் நடந்த தேசிய உடல்நல ஆய்வின்படி, நம் நாட்டில் 18 வயதுக்கு மேற்பட்டோருள் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் என நாம் வழங்கும் நீரிழிவு நோய் இருந்தது. பெரிய இனத்தவருள் இந்தியரிடையேதான் அது மிகுதி. 2023ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மொத்த விழுக்காடு 15.6 எனக் குறைந்து காணப்பட்டது. ஆயினும் அதே ஆய்வு, வயது வந்தோருள் 54.4 விழுக்காட்டினர் அளவுக்கு மீறிய உடல் எடை கொண்டவர் என்றும் தெரிவித்தது. இவை வெறும் எண்களல்ல. பாட்டியின் கால்விரல் எடுக்கப்பட்ட வீடுகளும், வாரந்தோறும் சிறுநீரகச் சுத்திகரிப்புக்காகத் தந்தையை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் வீடுகளும் நமக்குத் தெரியாதவை அல்ல. அன்று நம்மைக் காத்த உணவே இன்று நம்மை வீழ்த்துகிறது என்றால், அடுக்களையில் அறிவு தேவையில்லை என்று எவ்வாறு கூறுவது?

இப்பாடத்தில் பிள்ளைகள் கற்பவை யாவை? மூன்று எடுத்துக்காட்டுகளைக் கூறுவோம்.

முதலாவது, நம் அன்றாடத் தேநீர். டின் பாலில் ஏறக்குறைய பாதி எடை சீனியே. பெரிய கரண்டியால் இரண்டு கரண்டி ஊற்றிக் கலக்கினால், ஒரு குவளையிலேயே ஏறத்தாழ 20 கிராம் சீனி சேர்ந்துவிடுகிறது. ஒருவர் ஒரு நாளில் சேர்த்துக்கொள்ளும் சீனி 50 கிராமைத் தாண்டலாகாது. 25 கிராமுக்குள் அடங்கினால் மிக நன்று என்பது 2015இல் உலகச் சுகாதார நிறுவனம் விடுத்த அறிவுரையின் சாரம். காலை ஒன்று, வேலைக்காட்டில் ஒன்று, மாலை ஒன்று என மூன்று குவளை அருந்துபவர் எவ்வளவு தூரம் சென்றுவிட்டார் என்பதை நம் நான்காம் ஆண்டு மாணவரும் கணக்கிட்டுச் சொல்வர்.

இரண்டாவது, இரத்தசோகை. 2019ஆம் ஆண்டு ஆய்வில், பிள்ளைப்பேற்று வயதிலுள்ள பெண்களில் 10 பேருக்கு 3 பேர் இரத்தசோகையுடையோராய்க் காணப்பட்டனர். லயத்துக் கொல்லையில் முருங்கைக்கீரை தழைத்து நிற்கிறது. அதில் இரும்புச்சத்து உண்டு. ஆனால் கீரைச் சோற்றை உண்ட கையோடு தேநீரை அருந்தினால், தேநீரிலுள்ள துவர்ப்புப் பொருள் அச்சத்து உடலில் சேர்வதைத் தடுத்துவிடுகிறது. அதே கீரையோடு எலுமிச்சைச் சாறோ கொய்யாப்பழமோ சேர்ந்தால், அவற்றிலுள்ள சி உயிர்ச்சத்து இரும்புச்சத்தை உடல் ஏற்கத் துணை செய்கிறது. காசு ஒன்றும் கூடுதலாகச் செலவாகவில்லை. தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிவைக்கும் அறிவு ஒன்றே வேண்டுவது.

மூன்றாவது, சோறும் பருப்பும். அரிசியிலுள்ள புரதத்தில் குறையும் கூறு பருப்பில் இருக்கிறது; பருப்பில் குறைவது அரிசியில் இருக்கிறது. இரண்டும் சேரும்போது ஏழையின் தட்டிலும் நிறைவான புரதம் அமைகிறது. ஆகவே சோற்றைக் குவித்துப் பருப்பை நீராகத் தெளிப்பது முறையன்று. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், முட்டை, பருப்பு போன்றவை, அரைப் பங்கு காய்கறியும் பழமும் என்று நம் சுகாதார அமைச்சு கூறும் அளவு இங்கேதான் பொருள் பெறுகிறது. திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’ என்பதைப் புரட்டிப் பார்ப்போர் ஒன்றைக் காண்பர். அதில் ஒரு மூலிகையின் பெயர்கூடக் கிடையாது. பசித்தபின் அளவறிந்து உண்பதைப் பற்றியே வள்ளுவர் பெரிதும் பேசுகிறார். ஆகவே இப்பாடம் நமக்கு அந்நியமானதன்று.

‘பெண் பிள்ளை படிக்கட்டும், ஆண் பிள்ளைக்கு எதற்கு?’ என்பார் உளர். திருமணப் பந்திக்கும் கோவில் திருவிழாவுக்கும் பெரிய அண்டாவில் சமைப்பவர் ஆண்களே. அப்போது அவர்களைக் கண்டு எவரும் நகைப்பதில்லை. தோட்டத்தை விட்டு ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலை தேடிப் போகும் நம் இளைஞர், வாடகை அறையில் காலையும் மாலையும் பொட்டல மீயைக் கொதிக்கவைத்து உண்டு உடலைக் கெடுத்துக்கொள்வதை நாம் காண்கிறோம். பசி ஆண், பெண் பார்த்து வருவதில்லை; இனிப்புநீரும் அவ்வாறே. ஆகவே அறிவும் இருபாலாருக்கும் பொதுவாதல் வேண்டும்.

திருவிழா என்றதும் மற்றொன்றும் நினைவுக்கு வருகிறது. தோட்டத்து மாரியம்மன் கோவிலில் விடியுமுன் வடித்த சோற்றை நண்பகல் வரை மூடிவைத்துப் பரிமாறுவது வழக்கம். 5 பாகைக்கும் 60 பாகை செல்சியசுக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் நுண்கிருமிகள் விரைந்து பெருகும். சமைத்த உணவை அந்நிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கலாகாது. சோற்றில் தங்கும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. பக்தியோடு சமைத்த அன்னமேயாயினும் இவ்விதிக்கு விலக்கில்லை. தோட்டத்தில் இதனை அறிந்த இளைஞர் ஒருவர் இருந்தால், சமையல் நேரத்தை மாற்றியமைத்து ஊரையே வயிற்றுநோயினின்றும் காக்கலாம்.

இனிப் பிழைப்பைப் பற்றிக் கூறுவோம். முறுக்கும் அதிரசமும் சுட்டு விற்கும் தாய்மார் நம்மிடையே பலர். ஒரு நாள் மாவு, எண்ணெய், எரிவாயு, பொட்டலம் ஆகியவற்றுக்கு 30 ரிங்கிட் செலவிட்டு, 40 ரிங்கிட்டுக்கு விற்று, 10 ரிங்கிட் ஆதாயம் என்று ஒருவர் மகிழ்கிறார் என வைத்துக்கொள்வோம். அதற்காக அவர் ஐந்து மணி நேரம் அடுப்பின்முன் நின்றார். மணிக்கு 2 ரிங்கிட்டே அவருக்குக் கிடைத்த கூலி. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளத்தின்படி ஒரு மணி நேரத்துக்கு 8 ரிங்கிட் 72 சென் ஆகிறது. அடக்க விலையைக் கணக்கிடுவதும், அதில் உழைப்பையும் சேர்த்து எழுதுவதும் இப்பாடத்தில் கற்பிக்கப்படுபவையே. மேலும், 2009ஆம் ஆண்டின் உணவுத் தூய்மை விதிகளின்படி, உணவு விற்பனைத் தொழிலில் உணவைக் கையாள்வோர் பயிற்சி பெறுதலும் குடற்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ளுதலும் கடமையாகும். இவற்றை அறிந்தவர் துணிந்து கடை வைப்பார். அறியாதவர் அதிகாரியைக் கண்டால் சட்டியை ஒளிப்பார்.

உயர்கல்விக்கும் வழி உண்டு. தொழிற்கல்லூரிகளில் சமையற்கலைக்கும் ரொட்டி, கேக் தயாரிப்புக்கும் பயிற்சிகள் உள்ளன. புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தில் உணவு அறிவியலுக்கெனத் தனிப் புலமே இருக்கிறது. மருத்துவமனையில் நோயாளிக்கு ஏற்ற உணவை வகுத்துத் தரும் உணவியலாளர் பட்டம் பெற்ற வல்லுநர். நம் நோயாளிகளிடம் தமிழிலேயே பேசி, இட்லியையும் சாம்பாரையும் அறிந்து அறிவுரை கூறத்தக்க உணவியலாளர் பலர் நமக்கு வேண்டும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் கூறக் கடமைப்பட்டுள்ளோம். உணவியலாளராகவோ உணவு அறிவியலாளராகவோ விரும்பும் பிள்ளை மனையியலை மட்டும் நம்பியிருத்தல் கூடாது. வேதியியலும் உயிரியலும் அவசியம். ஆகவே நான்காம் படிவத்துக்குப் பாடம் தேர்ந்தெடுக்கும் முன் பள்ளியின் ஆலோசக ஆசிரியரிடம் கலந்து பேசுங்கள். பாடம் கூடுகிறது என்னும் காரணத்தைக் காட்டித் தமிழ்மொழியையும் தமிழ் இலக்கியத்தையும் கைவிட வேண்டா. தமிழை விட்டுவிட்டுப் பாட்டியின் கைப்பக்குவத்தைக் கற்க முனைவது கிளையில் அமர்ந்து அடியை வெட்டுவது போலாகும்.

பெற்றோர்களிடம் நாம் வேண்டுவன மூன்று. உங்கள் பிள்ளை இப்பாடத்தைத் தன் விருப்பத்தால் தேர்ந்தெடுத்தால், குறைந்த புள்ளி பெற்றவர் பாடமென்று இகழாதீர்கள். இது முதலாவது. பிள்ளை பள்ளியில் கற்றதை வீட்டில் செய்து பார்க்க வாரம் ஒரு நாள் அடுப்பை அவரிடம் ஒப்படையுங்கள்; உப்புக் குறைந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். இது இரண்டாவது. பாட்டிமார் அறிந்த பக்குவங்களை, பிரசவப் பத்தியம் முதல் வேப்பம்பூ இரசம் வரை, பிள்ளைகளைக் கொண்டு ஒரு நோட்டில் எழுதிவைக்கச் செய்யுங்கள். அவற்றுள் எது அறிவியலுக்கு ஒத்தது, எது ஒவ்வாதது என்பதைப் பிள்ளைகள் பின்னர் ஆராய்ந்து கொள்ளட்டும். எழுதாமல் விட்டால் ஆராயவும் ஒன்றும் எஞ்சாது. இது மூன்றாவது.

மாணவச் செல்வங்களே, நீங்கள் இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நலக்கல்விப் பாடத்தில் படித்ததை இன்றே தொடங்கலாம். வீட்டிலுள்ள டின்னையும் பொட்டலத்தையும் எடுத்து, அதன்மேல் அச்சிட்டுள்ள உட்பொருள் பட்டியலைப் பெற்றோருக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். எப்பொருள் எடையில் மிகுதியோ அது முதலில் எழுதப்பட்டிருக்கும். சீனி முதலிடத்தில் இருந்தால் அது எத்தகைய உணவு என்று நீங்களே தீர்மானிக்கலாம். மரம் சீவிக் களைத்து வரும் தாய் தந்தையர் எழுத்துக்கூட்டிப் படிக்க நேரமற்றவர்கள். அவர்களுக்குக் கண்ணாக இருப்பது உங்கள் கடமை.

பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை உணர்ந்தே, 1979ஆம் ஆண்டில் பள்ளிகளில் வசதி குறைந்த மாணவர்க்குத் துணையுணவு வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. வயிற்றை நிறைக்கும் பொறுப்பில் அரசும் பள்ளியும் பங்கேற்றன. அவ்வயிற்றை எதனால் நிறைப்பது என்று அறியும் பொறுப்பு நம் ஒவ்வொருவருடையது. அடுத்த தலைமுறையில் நம் தோட்டத்துப் பிள்ளையொன்று ‘ஏன் இப்படிச் சமைக்கிறீர்கள்?’ என்று தாயைக் கேட்கட்டும். தாயும் விடை தேடட்டும். அவ்வீட்டில் அடுப்பு எரிவதோடு அறிவும் எரியும்.

கல்வி வளர்க! நலம் ஓங்குக!